ஈரம் காயாத பூட்ஸ்

பல் கட்டுகிறவருக்கு எதையும் மூன்று முறை பார்த்தால்தான் மனசு அடங்கும். வீட்டைப் பூட்டியதும் பூட்டைப் பிடித்து ஒரு இழு இழுப்பார். நாலு படி இறங்கிவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு இழு. தெருமுனை திரும்பிய பிறகு, "கேஸை மூடினியா?" என்று மனைவியைக் கேட்பார்.

"மூடினேன். நான் மூடினதை நீங்க பார்த்தீங்க. நீங்க பார்த்ததை நானும் பார்த்தேன். நடங்க."

கல்யாணமான நாளிலிருந்து இதே வசனம்தான்.

அவர் டாக்டர் இல்லை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து பல் செட்டும் கேப்பும் செய்து கொடுக்கிற டெக்னீஷியன். யார் வாயையும் நேரில் பார்த்ததில்லை. பிளாஸ்டர் அச்சு வரும், கூட ஒரு சீட்டு வரும்: மேல் வரிசை, இடது பக்கம், இன்ன நிறம். ஒரு முடி கனம் கூடிவிட்டால் யாரோ முகம் தெரியாத ஒருவர் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாரே என்ற பயத்தில், முடித்த வேலையைத் திரும்பத் திரும்ப விரலால் தடவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தப்பாது. அந்தப் பயம்தான் அவருக்குத் தொழிலில் பெயர் வாங்கிக் கொடுத்தது. சோறு போட்டதும் அதுதான்.

இப்படிப்பட்ட மனுஷன் ஓடுகிற ஆற்றில் இடுப்பளவு இறங்கி நிற்கப் பழகியது எப்படி என்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஆச்சரியம். வேலை அனுப்புகிற டாக்டர் ஒருவர் கழுத்து வலிக்கு மருந்தாக அவரை ஒரு நாள் ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அது ஃப்ளை தூண்டில். புழு கோர்க்கிற வேலை இல்லை. இறகையும் நூலையும் வைத்துத் தூண்டில் முள்ளின் மேல் ஒரு பூச்சியைக் கட்ட வேண்டும். அதை உயிருள்ள பூச்சி என்று மீன் நம்ப வேண்டும். கட்டுவதற்குக் கையிலிருந்த அதே இடுக்கி, அதே பூதக்கண்ணாடி விளக்கு. டாக்டர் ஆறு மாதத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டார். இவர் விடவில்லை.

"இதுல தப்பாக் கட்டினா மீன் திரும்பிப் போயிடும், அவ்வளவுதான். யாருக்கும் வலிக்காது" என்று மனைவியிடம் ஒருமுறை சொன்னார். வாழ்க்கையில் அவர் பயப்படாமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

மனைவிக்குக் குடிநீர் வாரியத்தில் வேலை. ஆய்வகத்தில் உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பில் தண்ணீரைப் பார்ப்பவள். அவளுக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தது. மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், இரண்டு நாள் பயணம். பல் எல்லா ஊரிலும் விழத்தான் செய்கிறது என்று அவரும் கிளம்பச் சம்மதித்தார்.

கிளம்புகிற அன்று காலை, எல்லாரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் நைசாக நழுவி ஆற்றுக்குப் போனார். மீன் பிடிக்கக்கூட இல்லை. முழங்கால் தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். காய வைக்க நேரமில்லாததால் பூட்ஸைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மற்ற சாமான் நனையக்கூடாதே என்று இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டினார். அது பாறையில் வழுக்காமலிருக்க அடிப்பாகத்தில் விரல் கனத்துக்குக் கம்பளி ஒட்டிய பூட்ஸ்.

வேனை ஓட்டியவன் மச்சினன். மலை உச்சியில் சோதனைச் சாவடி: ஒரு தகரக் கொட்டகை, குறுக்கே ஒரு கம்பி, மழை. மீன்பிடி சாமான் கொண்டு போகிறவர்கள் ஒரு தாளை நிரப்ப வேண்டும். தண்ணீரில் இறங்கும் உடை, காலணி இருக்கிறதா? கழுவினீர்களா? முழுவதும் காய்ந்துவிட்டதா? பின்னால் நாற்பது வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"என்ன மாமா யோசிக்கறீங்க, மூணுக்கும் டிக் அடிங்க" என்றான் மச்சினன். "ஈரம்னு சொன்னா வண்டியைக் காலி பண்ணச் சொல்லுவான். உங்க பூட்ஸு அக்கா பீரோவுக்கு அடியில கிடக்கு. இந்த மழையில பீரோவை நீங்க இறக்கறீங்களா, நான் இறக்கட்டா?"

அவர் மூன்றுக்கும் டிக் அடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பேனா மூடியிருக்கிறதா என்று மட்டும் மூன்று முறை பார்த்தார்.

புது ஊரில் இரண்டாவது சனிக்கிழமை ஆற்றுக்குப் போனார். அகலமான ஆறு, தேயிலை டிகாஷன் நிறத்தில் தண்ணீர், கரையில் மரம் மட்டை ஒன்றுமில்லாமல் எப்போதும் காற்று. பையைப் பிரித்தபோது பூட்ஸ் இன்னும் சொதசொதவென்று இருந்தது, லேசான பாசி வாடை. தண்ணீரில் போடத்தானே போகிறோம் என்று மாட்டிக்கொண்டார். ஆழமில்லாத துறை பார்த்து இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தார். மீன் ஒன்றும் படவில்லை. வீசிய தூண்டில் நரம்பைக் காற்று திருப்பிக் கொண்டுவந்து அவர் தொப்பியிலேயே மாட்டியது.

கடைத்தெருவில் தூண்டில் சாமான் விற்கிற அம்மா ஒருத்தி இருந்தாள். அவர் தூண்டில் கோலை வாங்கி ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தாள்.

"இது புதருக்குள்ள ஓடற ஓடைக்கு. இதை வெச்சு இந்தக் காத்துல வீசினீங்கன்னா உங்க காதுதான் மாட்டும்."

"தொப்பி மாட்டிச்சு."

"அதிர்ஷ்டசாலி நீங்க. பூச்சியைக் காட்டுங்க."

டப்பாவைத் திறந்து காட்டினார். அரிசி அளவில், வெளிர் சாம்பலில், ஒவ்வொன்றும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கை வேலை அபாரம். ஆனா இந்தத் தண்ணியில மீனுக்கு இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது. கறுப்பா, பெரிசா, கொஞ்சம் கனமாக் கட்டுங்க. என்ன தொழில் உங்களுக்கு?"

"பல் கட்டறேன்."

"அதான் பார்த்தேன்" என்று அவள் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த ஒரு மாதம் சாமான்களை ஊருக்குத் தக்கபடி மாற்றுவதிலேயே போயிற்று. அதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. நீளமான, விறைப்பான கோல் வாங்கினார். காற்றைக் கிழித்துப் போகிற கனமான நரம்பு. பூச்சிகளைக் கறுப்பு இறகில் இரண்டு மடங்கு பெரிதாகக் கட்டி, உள்ளே மெல்லிய கம்பி சுற்றினார். வேலை செய்கிற இடத்திலும் இதே கதைதான். இங்கே வருகிற சீட்டுகளில் பல்லின் நிறமே ஒரு படி பழுப்பாக இருந்தது. எல்லாம் தண்ணீர் செய்கிற வேலை என்று புது முதலாளி சொன்னார்.

கடைசியாக பூட்ஸ். இந்த ஆற்றின் கல் வேறு மாதிரி, ஆணி வைத்த ரப்பர் அடிதான் நிற்கும் என்று கடைக்கார அம்மா சொல்லியிருந்தாள். பழையதில் அடியை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்க எடுத்துப் போனார். மேஜை மேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

அவள் கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"கம்பளி அடி. இதைப் போட்டுக்கிட்டு இங்க இறங்கினீங்களா?"

அவர் பூட்ஸை நிமிர்த்தி வைத்தார். "இல்ல. பழசு. சும்மா வெச்சிருந்தேன்."

"நல்ல வேளை. இது இங்க கூடாது. காயவே காயாது. அந்த ஈரத்துல ஒளிஞ்சுக்கிட்டு அது வந்துடும்." மோவாயால் சுவரைக் காட்டினாள்.

சுவரில் ஒரு போஸ்டர். ஆற்றுக் கற்கள் எல்லாவற்றின் மேலும் பழுப்பு நிறத்தில் திரிதிரியாக ஏதோ படர்ந்திருந்தது, நனைந்த கம்பளியைப் போர்த்திய மாதிரி. கற்களின் மேல் போர்த்திக்கொண்டால் பூச்சி குறையும், மீன் குறையும், ஒரு சொட்டுத் தண்ணீரில் இருக்கிற ஒரு உயிரணு போதும், வந்தால் எடுக்கவே முடியாது என்று அதில் எழுதியிருந்தது. எல்லாவற்றையும் படித்தார். படிக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. அவருடைய பழைய ஆறு முழுக்க அதுதான். அங்கே அதற்குப் பாறைச் சளி என்று பெயர் வைத்து, திட்டிக்கொண்டே அதன் மேல் நடப்பார்கள். பதினைந்து வருஷம் அவரும் நடந்திருக்கிறார். கிளம்பின அன்று காலைகூட.

புது ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பழையதை மறுபடி பையில் போட்டு முடிச்சிட்டு, பால்கனியில் துணி காயப்போடும் கொடிக்குக் கீழே, வாளிக்குப் பின்னால் வைத்தார். ஐந்து நிமிஷம் கழித்துப் போய் முடிச்சைப் பார்த்தார். அப்புறம் இன்னொரு தடவை.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்து ஆற்றுத் துறைக்குப் போனார். ஒன்றுமில்லை. அடுத்த நாளும் போனார். நாலாவது நாள், கரையிலிருந்து மூன்றாவது கல்லில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்பாக ஒரு திட்டு. தண்ணீரோடு அது மெல்ல ஆடியது.

அன்றைக்கு அந்தக் கல்லில் கால் வைத்தோமா என்று யோசித்தார். வைத்திருந்தார். அங்கேதான் ஒரு கணம் தடுமாறி, காலை அழுத்தி ஊன்றினார். கம்பளியிலிருந்து தண்ணீர் பிழிந்து வெளியே வந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவர் பகல் பொழுதெல்லாம் அந்தத் திட்டாகவே ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை அது இரண்டு விரல் அகலம். செவ்வாய்க்கிழமை பக்கத்துக் கல்லிலும். வேலையில் மெழுகைச் சுரண்டும்போது பிளாஸ்டர் பல்லின் இடுக்கில் பழுப்பாக ஏதோ தெரிந்தது, பார்த்தால் நிழல். அவர் செய்த கேப் ஒன்று உயரம் கூடிவிட்டதென்று டாக்டரிடமிருந்து திரும்பி வந்தது. இத்தனை வருஷத்தில் அது முதல் தடவை. முதலாளி ஒன்றும் சொல்லாமல் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டில் மனைவி சாப்பிட்டுக்கொண்டே பேசுவாள். "இங்க தண்ணி நம்ம ஊரை விட எவ்வளவோ சுத்தம்ங்க. ஆத்துலேர்ந்து எடுத்தபடியே குடிக்கலாம் போல இருக்கு. அந்தத் துறைக்குக் கீழதான் எங்க பம்ப்."

அவர் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன, பல்லு வலியா? ஊருக்கே பல் கட்டறவருக்கு."

"பசியில்ல."

"நேத்தும் பசியில்ல. முந்தாநாளும் இல்ல. ஆபீஸ்ல யாராவது பொண்ணு கையால சாப்பிடறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. அவர் தலையைத் திருப்பும் வரை அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் அவர் துறைக்குப் போகும்போது மெழுகு சுரண்டும் கரண்டியும், பல் செட் வைத்துக் கொடுக்கிற ரோஸ் நிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் எடுத்துப் போனார். கரையில் மண்டியிட்டு, கை படாமல், கரண்டியால் அந்தத் திட்டைச் சுரண்டி டப்பாவில் போட்டார். பாதி ஆற்றோடு போய்விட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று மூன்று பக்கமும் பார்த்தார். எதிர்க்கரையில் ஒரு நாய் பார்த்துக்கொண்டிருந்தது.

டப்பாவை என்ன செய்வது என்று அவருக்கு ஒரு திட்டமும் இல்லை. கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று ஃப்ரிட்ஜில் பின்வரிசையில் வைத்தார். அவருக்கு எதிலும் திட்டம் இல்லாமல் இருந்தது அதுவே முதல் முறை.

காலையில் மனைவி ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"யாரோட பல்லுங்க இது பால் பக்கத்துல?"

"தொடாதே."

"திறந்தாச்சு. பல்லே இல்ல. பாசி இருக்கு." டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து விளையாட்டு போய்விட்டது. "எங்கேர்ந்து?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கிளம்பின காலை, இரண்டு முடிச்சு, தாளில் மூன்று டிக், துறையைக் கடந்தது, கடையில் இல்லை என்றது.

"இதை விரலால தொட்டுப் பார்த்தீங்களா?"

"இல்ல. பயமா இருந்துச்சு."

"உலகத்துல இருக்கற எல்லாத்தையும் தடவிப் பார்ப்பீங்க. தடவ வேண்டியதைத் தடவல." அவள் டப்பாவை மூடிக் கைப்பையில் வைத்தாள். "பூட்ஸ் எங்க?"

பால்கனியைக் காட்டினார். பையை அப்படியே தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். கதவைச் சாத்தும்போது சொன்னாள். "நான் வர்ற வரைக்கும் ஆத்துப் பக்கம் போகாதீங்க. கேஸ் மூடியிருக்கு. பூட்டைப் பத்திக் கவலையில்ல, நீங்க வீட்டுலதான் இருக்கப் போறீங்க."

அன்று அவர் லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். கறுப்பு இறகு, நூல், புது கோல் எல்லாம் மேஜை மேல் வரிசையாக இருந்தன. பூச்சி ஒன்று கட்டப் பார்த்தார். நூல் மூன்று முறை அறுந்தது. குழாயைத் திறந்து டம்ளரில் தண்ணீர் பிடித்தார். குடிக்காமல் அப்படியே ஜன்னலில் வைத்து, அதன் ஊடாக வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தரை மணிக்கு அவள் வந்தாள். செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டப்பாவுல இருந்தது சாதாரணப் பாசி. இந்த ஆத்துலயே இருக்கறது. வெயில் வந்தா வரும், மழை வந்தா போயிடும்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க, இன்னும் முடிக்கல. பூட்ஸு அடியைப் பிழிஞ்சேன். அதுல அந்தப் பாறைச் சளி இருக்கு. மைக்ராஸ்கோப்புல சோடா பாட்டில் மாதிரி இருக்கும், பார்த்தா மறக்காது. பாதிக்கு மேல செத்துப்போன வெறும் ஓடு. மீதி உள்ளுக்குள்ள பழுப்பா, முழுசா இருக்கு. உயிரோட. இத்தனை நாளைக்கப்புறமும்."

"அப்போ அன்னைக்கு..."

"அன்னைக்கு இன்னும் நிறைய இருந்திருக்கும். நீங்க கொண்டு வந்துட்டீங்க. அது பிடிச்சுக்கிச்சா, அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

ஜன்னலில் இருந்த டம்ளரை எடுத்து அவள் ஒரே மடக்கில் குடித்தாள். அவருக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

"நான் இதைப் பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியாது. என் வேலையே அது. நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் எழுதட்டுமா?"

"என்ன பண்ணுவாங்க?"

"தெரியல."

"உன் வேலைக்கு ஏதாவது..."

"தெரியலங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதேயில்லை. வீட்டில் பயப்படுகிற வேலை அவருடையது, பயப்படாமல் இருக்கிற வேலை அவளுடையது என்று பிரித்துக்கொண்டுதான் இத்தனை காலம் ஓட்டியிருந்தார்கள்.

"நானே போறேன்" என்றார்.

மீன்வளத் துறை அலுவலகம் ஒரே ஒரு அறை. ஆற்றைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பல் கட்டுகிறவர் பேசப் பேச பிஸ்கட் ஊறிக் கிளாஸுக்குள் விழுந்தது. அதிகாரி அதைக் கவனிக்கவில்லை.

"பொய்யா டிக் அடிச்சீங்க."

"ஆமா சார்."

"கையெழுத்தும் போட்டீங்க."

"ஆமா."

அதிகாரி இழுப்பறையைத் திறந்து ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தார். "பதினாலு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். தானா வந்து சொன்ன முதல் ஆள் நீங்க. எந்த ஃபாரத்துல எழுதறதுன்னே தெரியல." சிரிப்பதற்காக அவர் சொல்லவில்லை. "மீன்பிடி லைசென்ஸைக் கொடுங்க. மேல எழுதணும். அவங்க என்ன செய்வாங்கன்னு நான் சொல்ல முடியாது. முதல்ல வாங்க, எங்கெங்க கால் வெச்சீங்கன்னு காட்டுங்க."

ஜீப்பில் போனார்கள். துறையில் நின்று, அன்று நடந்த வழியை ஒவ்வொரு அடியாகச் சொன்னார். ஒரு கல்கூட மறக்கவில்லை. அந்த நடையைத்தான் இத்தனை நாளாக மனசுக்குள் நடந்துகொண்டிருந்தாரே. அதிகாரி அந்தத் தடத்திலும் அதற்குக் கீழேயுமாகப் பன்னிரண்டு கற்களைத் தேர்ந்தெடுத்து, நீருக்கு மேலே தெரிகிற பக்கத்தில் மஞ்சள் பெயின்ட்டில் எண் போட்டார்.

"பழைய ஊர்ல அதைக் கையால தொட்டிருக்கீங்கதானே? எப்படி இருக்கும்?"

"பார்க்கச் சளி மாதிரி. தொட்டா வழுக்காது. சொரசொரன்னு, நனைஞ்ச கம்பளி மாதிரி."

"எங்க ஆளுங்களுக்கு அது படத்துலதான் தெரியும். தொடக்கத்துல கண்ணுக்குச் சரியாத் தெரியாதும்பாங்க, கைக்குத்தான் தெரியும்." பிரஷ்ஷைத் துடைத்தார். "ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் வந்து பன்னிரண்டையும் தடவிப் பார்த்து எழுதிக் கொடுங்க. பூட்ஸைச் சோப்புத் தண்ணியில ஊற வெச்சு, ரெண்டு நாள் காய வெச்சுட்டு வாங்க."

"எத்தனை நாளைக்கு சார்?"

"ரெண்டு கோடை போகட்டும். அதுக்கு முன்னாடி இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது."

மேலிடத்திலிருந்து இன்னும் கடிதம் வரவில்லை. வாரியத்தில் மனைவியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். மச்சினன் போன் செய்து, "மாமா, நான்தானே அடிக்கச் சொன்னேன், என் பேரையும் சொல்லிடுங்க" என்றான். "பேனா என் கையிலதான் இருந்துச்சு" என்று இவர் வைத்துவிட்டார். காற்றுக்குத் தோதான கோலும், ஐம்பது கறுப்புப் பூச்சிகளும், கனமான நரம்பும் பீரோ மேல் இருக்கின்றன. இந்த ஆற்றுக்கு அச்சாகப் பொருந்தும் சாமான்கள். இன்னும் தண்ணீரைத் தொடவில்லை.

முதல் கோடையின் முதல் சூடான வாரம் முடிந்த சனிக்கிழமை. சோப்பு நீரில் ஊறி, இரண்டு நாள் வெயிலில் காய்ந்து, ரப்பர் அடியின் ஒவ்வொரு ஆணி இடுக்கிலும் மூன்று முறை விரல் விட்டுப் பார்த்த பூட்ஸை மாட்டிக்கொண்டு அவர் துறையில் இறங்கினார். கரையில் மனைவி நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

முதல் கல்லில் புதிதாகப் பழுப்பு படர்ந்திருந்தது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்தார். விரல்கள் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டன.

"என்னங்க, தொடுங்க" என்றாள் அவள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

கையை உள்ளே விட்டார். விரல் கல்லில் பட்டது. அழுத்தி இழுத்தார்.

வழுக்கியது.

இன்னொரு முறை. பிறகு இன்னொரு முறை.

"ஒண்ணு, இல்ல" என்றார். அவள் எழுதிக்கொண்டாள். இரண்டாவது கல்லை நோக்கி, ஒவ்வொரு அடியையும் பார்த்து வைத்தபடி, தண்ணீரில் நடந்தார்.